மச்சம் இல்லாத முகம்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் இறைவனடி சேர்ந்தார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் சிறிய பட்டறை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர். செய்தி கேட்டு நாம் அவ்வில்லத்திற்குச் சென்றபோது, தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்த முகம் நாம் அறிந்ததாக இல்லை. பக்கத்து வீட்டிலும் துக்கமோ என ஒரு கணம் ஐயுற்றோம். பெயரைப் படித்த பிறகே உண்மை விளங்கிற்று. இடக்கன்னத்தில் மிளகுபோல் இருந்த மச்சத்தைக் காணோம். புருவத்தின் மேலிருந்த தழும்பைக் காணோம். எழுபது ஆண்டு வெயிலும் பட்டறைச் சூடும் ஏறியிருந்த அந்தக் கருமேனியைக் காணோம். மாவு பிசைந்து செய்தாற்போன்ற வெளிறிய முகம் ஒன்று பெரிய கண்களோடு நம்மைப் பார்த்துச் சிரித்தது.

அவருடைய பேரன் ஏழெட்டு வயதுச் சிறுவன். பேனரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது எங்க ஆயா இல்ல" என்றான். சுற்றி நின்றவர்கள் அவனை அதட்டினார்கள். அழுகையினூடே மகள் நம்மிடம் சொன்னார்: "ஃபாதர், வேற படமே இல்ல. நாலஞ்சு வருஷமா ஃபோன்ல எடுத்தது அத்தனையும் இப்படித்தான் இருக்கு. எடுக்கும்போதே அப்படி வந்துடுது."

நூற்றுக்கணக்கான படங்கள் இருந்தன. ஒன்றிலேனும் அந்தத் தாய் இல்லை. அன்று அந்தச் சிறுவன் ஒருவனே உண்மையைச் சொன்னான் என்னும் எண்ணம் நம்மை விட்டு நீங்கவில்லை. கைப்பேசிப் படங்களில் ஃபில்டர், எஃபெக்ட் என்பவை அளவிறந்து பயன்படுத்தப்படுவதைப் பற்றிச் சற்றே ஆராய முற்பட்டது அதனால்தான்.

ஒப்பனை புதிதன்று

படத்தைத் திருத்துவதே குற்றம் என்று வாதிடுவோமாயின், புகைப்படக் கலையின் வரலாறே நமக்கு எதிராகச் சான்று பகரும். 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பெற்ற கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர், 1858-இல் மதுரை, திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை ஆகிய ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் படமாக்கினார். அக்காலத்துப் படப்பூச்சு நீலநிற ஒளியை மிகையாக ஏற்கும் இயல்புடையது. எனவே வானம் முழுவதும் வெறும் வெண்மையாகப் பதிந்துவிடும், மேகம் தென்படாது. டிரைப் தம் காகித நெகட்டிவ்களின்மேல் வண்ணம் தீட்டி, வானில் மேகங்களை வரைந்தார். மங்கித் தெரிந்த இலைதழைகளையும் தெளிவுபடுத்தினார். இதைப் பொய் என்று தள்ளிவிட இயலுமா? கண் கண்டதைக் கருவி காணத் தவறியது. அக்குறையைக் கை நிறைவு செய்தது. திருத்தம் அங்கே உண்மைக்கு ஊழியம் புரிந்தது.

நம் வயதினர் பழைய ஸ்டுடியோக்களை மறந்திருக்க மாட்டார்கள். பூந்தமல்லியிலும் ஆவடியிலும் பண்டிகை நாளில் குடும்பத்தோடு ஸ்டுடியோவுக்குச் செல்வது ஒரு சடங்காகவே இருந்தது. முகத்திற்குப் பவுடர் அங்கேயே இருக்கும். ஆணியில் தொங்கும் கோட்டை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். பின்னால் ஏரியும் மாளிகைப் படிக்கட்டும் தீட்டிய திரை தொங்கும். படம் எடுத்தபின் அவர் நெகட்டிவில் கூர்மையான பென்சிலால் டச்சப் செய்து, முகப்பருவையும் கண்ணுக்குக் கீழிருந்த கருமையையும் சற்றே மட்டுப்படுத்துவார். வாடகை வீட்டில் வாழ்ந்த தொழிலாளி ஆண்டுக்கொருமுறை அரண்மனைப் படிக்கட்டில் நின்றான். அவ்வாசையை இகழ நமக்கு உரிமையில்லை. அழகாகத் தோன்ற விரும்புவது செல்வர்க்கு மட்டும் உரியதன்று.

ஆயினும் ஒரு வேற்றுமையைக் கருத வேண்டும். அன்று பின்னால் தொங்கிய திரை பொய். முன்னால் நின்ற முகம் மெய். இன்றோ பின்னணி மெய்யாக இருக்க, முகம் பொய்யாகிறது. அந்த ஸ்டுடியோக்காரர் ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே பார்த்தார். எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்று அறிந்திருந்தார். மச்சத்தை அழித்துவிட்டால், மறுநாள் வாடிக்கையாளர் வாசலில் வந்து நிற்பார் என்பதும் அவருக்குத் தெரியும்.

இயந்திரம் காண்பது

இன்றைய ஃபில்டர் எவ்வாறு பணியாற்றுகிறது? கைப்பேசி முதலில் கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் இடங்களைக் கணித்து, தோல் எது என்று பிரித்துக்கொள்கிறது. பின்னர் அத்தோலில் அக்கம்பக்கத்திலிருந்து வேறுபட்டிருக்கும் சிறுசிறு புள்ளிகளையெல்லாம் தேய்த்துச் சமன் செய்கிறது. தாடையைக் குறுக்குகிறது, கண்ணை விரிக்கிறது, நிறத்தை வெளுக்கிறது. ஒரு வாரம் இருந்து மறையும் முகப்பருவும், பிறவியிலிருந்து உடன்வரும் மச்சமும் அதன் கணக்கில் பெரும்பாலும் ஒன்றே. சமையலறையில் பட்ட சூட்டுத் தழும்பும் பிள்ளை பெற்ற களைப்பும் அதற்கு நீக்கத்தக்க குறைகளே. சில கைப்பேசிகளில் இவ்வசதி தானாகவே இயங்கும். படம் எடுப்பவர் கேட்கவும் வேண்டுவதில்லை.

இதன் விளைவு என்ன? நம் பங்கின் திருமணங்களிலும் பிறந்தநாள் விழாக்களிலும் எடுத்து அனுப்பப்படும் படங்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறோம். அக்காளும் தங்கையும் மாமியாரும் மருமகளும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் இருக்கிறார்கள். ஒரு முகத்தை அழகுபடுத்துவது வேறு. எல்லா முகங்களையும் ஒரே முகமாக்குவது வேறு. முன்னதைக் கலை எனலாம். பின்னது கலையின் மறுப்பே.

அந்த ஒரே முகத்தின் நிறம் எது என்பது அடுத்த கேள்வி. வண்ணப் பிலிமின் காலத்தில் கோடாக் நிறுவனம் படம் அச்சிடும் கூடங்களுக்கு மாதிரி அட்டை ஒன்றை வழங்கி வந்தது. அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் படம் இருக்கும். முதன்முதலில் அவ்வாறு படமானவரின் பெயரால் அது 'ஷர்லி அட்டை' எனப்பட்டது. அவருடைய தோல்நிறம் செம்மையாக வந்தால் எல்லாம் செம்மை என்பது கணக்கு. கறுத்த முகங்கள் சேறுபோல் பதிந்தன. மரச்சாமான்களுக்கும் சாக்லேட்டுக்கும் விளம்பரம் செய்தவர்கள், பழுப்பு நிறங்கள் சரியாக வரவில்லையென முறையிட்ட பிறகே திருத்த முயற்சி வலுப்பெற்றது என்று அந்நிறுவனத்தில் பணியாற்றியவர்கள் பின்னாளில் கூறியுள்ளனர். மனிதர் முறையீட்டைவிட மேசை நாற்காலியின் முறையீடு விரைவில் செவியேறிற்று போலும்!

பிலிம் போய்விட்டது, சார்பு போகவில்லை. 2017-இல் ஃபேஸ்ஆப் என்னும் செயலி முகத்தைக் கவர்ச்சியாக்குவதாகச் சொல்லி ஒரு ஃபில்டரை வெளியிட்டது. அது கறுத்த முகங்களை வெளுத்துக் காட்டிற்று. எதிர்ப்பு எழவே நிறுவனர் மன்னிப்புக் கோரி, மென்பொருள் பயின்ற படங்களில் இருந்த சார்பே காரணம் என்றார். 2020-இல் கூகுள் நிறுவனம் தன் புதிய பிக்சல் கைப்பேசிகளில் முகம் திருத்தும் வசதி தானாக இயங்காது என அறிவித்தது. அத்தகைய வசதிகளுக்கு 'அழகு' முதலிய மதிப்பீட்டுச் சொற்களைச் சூட்டலாகாது என்றும் வழிகாட்டிற்று. அதே 2020-இல்தான் நம் நாட்டுச் சிவப்பழகுக் களிம்பான ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரை க்ளோ அண்ட் லவ்லி என மாற்றிக்கொண்டது. களிம்புக் குப்பியின்மேல் இருந்த சொல் மாறியது; கைப்பேசிக்குள் களிம்பு குடியேறிவிட்டது. அதற்கு விலையும் இல்லை, தீர்ந்துபோவதும் இல்லை.

இதன் காயம் எங்கே படுகிறது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. புதுநன்மை விழாவன்று ஆலய முற்றத்தில் பிள்ளைகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தோம். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி நம் அருகில் வந்து, மெல்லிய குரலில், "ஃபாதர், எனக்கு மட்டும் ஃபில்டர் போட்டு எடுங்க. சும்மா எடுத்தா நான் கறுப்பா இருக்கேன்" என்றாள். வெண்ணிற உடையும் தலையில் மலர்முடியும் அணிந்து நின்ற குழந்தை! நமக்கு உடனே விடை தோன்றவில்லை. முன்பு எடுத்த படத்தைப் பார்த்தோம். அவள் சொன்னது ஒருவகையில் உண்மைதான். முகம் இருண்டு, கண்கூடத் தெரியவில்லை.

பிறகே காரணம் புலப்பட்டது. உச்சி வெயிலில் வெள்ளை உடை கண்ணைப் பறிக்கும் அளவுக்கு ஒளிர்ந்தது. அவ்வெண்மையைக் கண்டு கேமரா தன்னிடம் வரும் ஒளியைக் குறைத்துக்கொண்டது. அதனால் முகம் இருளில் வீழ்ந்தது. அவளை ஆலயத் தாழ்வாரத்தின் நிழலுக்கு அழைத்துச் சென்றோம். திரையில் அவளுடைய முகத்தின்மேல் விரலை வைத்து, ஒளியை அங்கே அளக்கச் செய்தோம். படம் வந்தது. கறுப்பு நிறந்தான், ஆனால் கண் மின்னிற்று, கன்னம் பளபளத்தது, பல்வரிசை தெரிந்தது. நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது நல்லா இருக்கு" என்றாள். அந்தக் குழந்தைக்கு ஃபில்டர் தேவைப்படவில்லை, வெளிச்சமே தேவைப்பட்டது. டிரைப் தீட்டிய மேகத்துக்கும் இந்த நிழலுக்கும் உறவு உண்டு. கருவி காணாததைக் காணச் செய்வது திருத்தம். கண்ணெதிரே இருப்பதைக் காணாமற் செய்வது மிகை. நல்ல எஃபெக்டையும் தீய எஃபெக்டையும் பிரித்தறிய இதனினும் தெளிவான அளவுகோல் நமக்குத் தென்படவில்லை.

ஏழையின் சுருக்கம்

இன்னொரு முரண்பாட்டையும் சுட்டாமல் இருக்க முடியாது. தம் முகத்துச் சுருக்கங்களைத் தேய்த்து அழிக்கும் அதே கை, தெருவோரத்துப் பூக்காரம்மாவையோ ஆவடிச் சந்தையில் மூட்டை தூக்கும் முதியவரையோ படமெடுக்கும்போது என்ன செய்கிறது? வண்ணத்தை உறிஞ்சிக் கறுப்பு வெள்ளையாக்குகிறது. கூர்மையைக் கூட்டி, ஒவ்வொரு சுருக்கத்தையும் வாய்க்காலாக வெட்டுகிறது. வியர்வையை எண்ணெயாக மின்ன வைக்கிறது. பின்னர் அதற்கு 'உழைப்பு' என்றோ 'வாழ்க்கை' என்றோ தலைப்பிட்டுப் பலருக்கும் அனுப்புகிறது.

நமக்கு மாவு, ஏழைக்குக் கரி! இரண்டும் ஒரே பிழையின் இரு பக்கங்கள் என்பதே நம் துணிபு. இரண்டிலும் எதிரே நிற்கும் ஆளை நாம் பார்க்கவில்லை. முன்னதில் நம் ஆசையைப் பார்க்கிறோம். பின்னதில் நம் இரக்கத்தின் அழகைப் பார்த்துக்கொள்கிறோம். அந்தப் பூக்காரம்மா அன்று காலை சிவப்புச் சேலை உடுத்தி, மஞ்சள் பூசி, நெற்றிக்குப் பொட்டிட்டு வந்தார். அந்நிறங்கள் அவர் தேர்ந்தவை. அவற்றை அவரிடமிருந்து பறிக்க நமக்கு உரிமை தந்தவர் யார்?

மங்கிப்போகும் ஊர்

முகம் மட்டுமா? இடமும் இவ்வாறே அழிகிறது. ஆளின் பின்னாலுள்ள அனைத்தையும் மங்கலாக்கும் வசதி இப்போது ஏறத்தாழ எல்லாக் கைப்பேசிகளிலும் உண்டு. பெரிய லென்சுகள் இயல்பாகச் செய்வதைக் கைப்பேசி கணக்கிட்டுச் செய்கிறது. எப்போதேனும் பயன்படுத்தினால் அழகுதான். எல்லாப் படத்திலும் பயன்படுத்தினால், அம்பத்தூரில் எடுத்த படத்துக்கும் அமெரிக்காவில் எடுத்த படத்துக்கும் வேறுபாடு இருக்காது.

பழைய ஆல்பத்தைப் புரட்டும்போது நம் கண் எங்கே செல்கிறது? ஆளைப் பார்த்து முடித்ததும் பின்னால் போகிறது. சுவரில் தொங்கும் நாட்காட்டி, திண்ணையில் சாத்திய சைக்கிள், வரிசையில் காத்திருக்கும் பிளாஸ்டிக் குடங்கள், இன்று வீடுகளாகிவிட்ட நெல்வயல். 1949-இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையின் சங்கொலிக்கு எழுந்த தலைமுறையும், 1960-களில் எழுந்த ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலைக்குச் சீருடை அணிந்து சென்ற தலைமுறையும் தம் வரலாற்றைத் தனியே எழுதி வைக்கவில்லை. அது அவர்களுடைய குடும்பப் படங்களின் ஓரங்களில் தங்கியிருக்கிறது. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019-இல் ஆவடி தானே மாநகராட்சியாயிற்று. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் நடுவே மெட்ரோ தூண்கள் எழுந்துவிட்டன. நம் கண்முன்னே ஊர் உருமாறிக்கொண்டிருக்கும் இக்காலத்தில் நாம் எடுக்கும் படங்களில் ஊர் மட்டும் வெறும் புகைமூட்டமாக இருக்கிறது.

ஏரிகளின் கதையும் இதுவே. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது பற்றி வழக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. ஆனால் மாலைநேரத்தில் அக்கரையில் எடுத்து அனுப்பப்படும் படங்களில் வானம் குங்குமமாகவும் நீர் நீலமணியாகவும் ஒளிர்கின்றன. சான்றாக நிற்க வேண்டிய படம் வாழ்த்து அட்டையாகிவிடுகிறது. ஏரிக்கு நம் புகழ்ச்சி வேண்டியதில்லை. அதன் உண்மை நிறம் நம் நினைவில் நிற்க வேண்டும்.

துணியில் பதிந்த முகம்

சட்டத்தால் இதற்குத் தீர்வு உண்டா? நார்வே நாட்டில் 2022 ஜூலை முதல், விளம்பரப் படத்தில் உடலின் வடிவத்தையோ அளவையோ தோலையோ திருத்தியிருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்னும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டமே. ஆனால் தாய் மகளை எடுக்கும் படத்துக்கு எந்த அரசு முத்திரை குத்த முடியும்? அங்கே காவல் நிற்பது அன்பு ஒன்றே.

17-ஆம் நூற்றாண்டின் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட், இளமை தொடங்கி 1669-இல் தாம் இறந்த ஆண்டுவரை, தம் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்தார். இன்றைய செல்ஃபிப் பிரியர்களுக்கு அவர் முன்னோடி எனலாம். ஆனால் வயது ஏற ஏற அவர் தம் முகத்தைச் செதுக்கிச் சீராக்கவில்லை. தடித்த மூக்கும் தொங்கிய கன்னமும் கடனில் நொந்த கண்களும் அப்படியே இருக்கின்றன. மூன்றரை நூற்றாண்டு கழித்தும் மக்கள் அப்படங்களின் முன் நின்று பார்க்கக் காரணம், அங்கே ஒரு மனிதர் இருக்கிறார் என்பதே.

தவக்கால வெள்ளிதோறும் சிலுவைப் பாதையின் ஆறாம் நிலையில் நாம் நிற்கிறோம். வெரோனிக்கா என்னும் பெண் ஆண்டவரின் முகத்தைத் துணியால் துடைக்கிறாள். முகம் துணியில் பதிகிறது. திருச்சபையின் மரபில் வரும் இக்காட்சியில் நாம் பெரும்பாலும் கவனியாத ஒன்று உண்டு. துணியில் பதிந்தது ஒளி வீசும் முகமன்று. குருதியும் வியர்வையும் புழுதியும் படிந்த முகம். அவள் படம் எடுக்கப் போகவில்லை, துடைக்கப் போனாள். அருகில் சென்று அன்போடு தொட்டதால் கிடைத்தது அப்படம். 'உண்மைச் சாயல்' என்னும் பொருள்பட அவள் பெயருக்கு முன்னோர் விளக்கம் கூறியதும் பொருத்தமே. நேசிப்பவர்களுக்கு நேசிக்கப்படுபவரின் உண்மை முகமே போதும்.

மூதாட்டியின் வீட்டுக்கு மீண்டும் வருவோம். முப்பதாம் நாள் செபத்திற்குச் சென்றிருந்தபோது பேனரில் இருந்த படம் அங்கே இல்லை. அலமாரியின் அடியில், பட்டறையில் பணியாற்றியபோது தந்த பழைய அடையாள அட்டை கிடைத்ததாம். அதிலிருந்த அஞ்சல்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டிருந்தார்கள். பெரிதாக்கியதில் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தது. ஓரத்தில் முத்திரையின் பாதி. சிரிப்பு இல்லை, பணிநேரத்தில் அழைத்து நிறுத்தி எடுத்த படம் போலும். ஆனால் இடக்கன்னத்தில் மச்சம் இருந்தது. சிறுவன் நாற்காலியில் ஏறி நின்று, அந்த மச்சத்தின்மேல் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இம்முறை அவனை யாரும் அதட்டவில்லை.

விளையாட்டுக்கு முயல்காதும் மலர்க்கிரீடமும் வைத்துப் பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்ளட்டும். அதைத் தடுப்பது நம் நோக்கமன்று. வாசகர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. நவம்பரில் இறந்தோர் நினைவுக்காகக் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்லுமுன், உங்கள் வீட்டு முதியவர் ஒவ்வொருவரையும் ஒருமுறை படம் எடுங்கள். ஃபில்டரை அணைத்துவிடுங்கள். தாழ்வாரத்து நிழலில் அமர்த்தி, முகத்தில் ஒளி படுமாறு பாருங்கள். பின்னாலுள்ள சுவரும் வாசலும் தெரியட்டும். அதைக் கைப்பேசியிலேயே விட்டுவிடாமல் தாளில் அச்சிட்டு, பின்புறம் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி வையுங்கள். நாளை ஒரு பேரன் அதைப் பார்த்து, "இதுதான் எங்க ஆயா" என்று சொல்ல வேண்டாமா?